தூள் போதாது

நேற்று மத்தியானம் என் மனைவி சொதிச் சட்டிக்குள்ளிருந்து அகப்பையை எடுத்து, என் உள்ளங்கையில் ஒரு துளி விட்டு, "உப்பைப் பாருங்கோ" என்றாள். நக்கினேன். கண்ணை மூடினேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துச் சற்று நின்றேன். பிறகு, வழக்கம்போல, சுவரிலிருந்த மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தேன்.

"உப்புக் காணுமோ எண்டு கேட்டால் இந்த மனுசன் ஏன் நேரத்தைப் பாக்குது?" என்று அவள் சட்டியிடம் முறையிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து முறையிடுகிறாள். அரை மணித்தியாலம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்பது என் பழைய உத்தியோக ஒழுங்கு. அதை விளக்கப்போனால் அகப்பை என் பக்கம் திரும்பும். போதும் என்று தலையாட்டி, "காணும், காணும்" என்றேன்.

அந்த அரை மணித்தியாலம் என் உடம்புக்குள் வந்து குடியேறியது வன்னியில் துணுக்காய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில். எனக்கு முதல் நியமனம் அங்கேதான். போர் முடிந்து சனம் திரும்பிவந்து காணி துப்புரவாக்கிக்கொண்டிருந்த காலம். பள்ளிக்கூடத்துக்குப் பாதிக் கூரை இருந்தது, முக்கால் சுவர் இருந்தது. பிள்ளைகளின் பசி மட்டும் முழுசாக இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் சோறும் கறியும் கொடுக்கும் திட்டம் வந்தது. கூடவே ஓர் ஒழுங்கும் வந்தது: சமைத்ததை முதலில் ஓர் ஆசிரியர் சாப்பிட்டுப் பார்க்கவேண்டும், அரை மணித்தியாலம் பொறுத்திருக்கவேண்டும், ஒன்றும் ஆகாவிட்டால் பிள்ளைகளுக்குப் பரிமாறலாம். அதற்கென்று ஒரு கொப்பி. என்ன கறி, எப்படியிருந்தது, கையொப்பம்.

"சேர் தனியாள். வீட்டிலை பாத்துக்கொண்டிருக்க ஒருதரும் இல்லை. நீங்களே பாருங்கோ" என்றார் பள்ளிக்கூடத்து அதிபர் மிஸ். சமைத்துப் போட ஆளில்லாத பையனுக்கு ஒருநேரச் சாப்பாடு கிடைக்கட்டும் என்கிற கருணை என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். ஏதும் நடந்தால் அழுவதற்கு ஆளில்லை என்கிற கணக்காகவும் அது இருக்கலாம் என்று புரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

பிள்ளைகளுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. நான் ஒரு கோப்பை சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் அமர்ந்திருப்பேன். ஒரு கரண்டி போதும்தான், ஆனால் கடமையில் குறை வைக்கக்கூடாதல்லவா. ஐந்து நிமிசத்துக்கொரு தடவை அரைச் சுவருக்கு மேலால் ஒரு தலை முளைக்கும். என்னை நன்றாகப் பார்க்கும். பிறகு வகுப்பைப் பார்த்து அறிவிக்கும்: "சேர் இன்னும் இருக்கிறார்!" உள்ளே பலத்த கைதட்டல். ஒருநாள் குறும்புக்கு மேசையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். முளைத்த தலை அலறிக்கொண்டு ஓடியது. பிறகு யாரோ கவலையோடு கேட்டது காதில் விழுந்தது: "அப்ப இண்டைக்குச் சாப்பாடு இல்லையோ?"

என் உயிரின் பெறுமதியை நான் அறிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

ஈர விறகுப் புகை எங்கே எழுந்தாலும் எனக்குப் பிள்ளைகளுக்குச் சமைத்த அந்தத் தகரக் கொட்டில் நினைவுக்கு வருகிறது, கொட்டிலுக்குப் பின்னால் என் சின்ன வயதுப் பள்ளிக்கூடமும் வந்து நிற்கிறது. எங்கள் காலத்தில் தந்தது பிஸ்கட். அது வந்த அட்டைப்பெட்டியின் மணமும் அதன் ருசியும் ஒன்றுதான். கடித்தால் பல்லுக்கு ஆபத்து. கிணற்றடிக்குக் கொண்டுபோய் நனைத்து, அது மனம் இரங்கும்வரை காத்திருப்போம். அதை யாரும் முதலில் ருசி பார்த்ததாக ஞாபகமில்லை. அதில் ருசி இருப்பதாக யாரும் குற்றம் சாட்டியதும் இல்லை.

கொட்டிலுக்கு வருவோம். அங்கே சமைத்தவர் முத்துலட்சுமி அக்கா. மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஒரு கலவரத்தோடு வன்னிக்கு வந்த குடும்பம். அக்கா பிறந்தது, வளர்ந்தது, ஓடியது, திரும்பியது எல்லாம் இங்கேதான்; ஆனாலும் பேச்சில் அந்தத் தோட்டத்து 'ங்க' உதிராமல் இருந்தது. இரண்டு பெண் பிள்ளைகளும் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான். கணவர் வயலில் கூலிக்குப் போவார். வயல் சும்மா கிடக்கும் மாதங்களில் அந்தக் கொட்டில்தான் அவர்கள் வீட்டு அடுப்பையும் எரித்தது. விடியற்காலையில் வந்து மூன்று கல்லில் பெரிய கிடாரத்தை ஏற்றிவிடுவார். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பூசணிக்காய், ஏதாவது ஒரு கீரை. நெத்தலி கிடைத்த நாளில் ஊர்ப் பூனைகள் எல்லாம் முதலாம் வகுப்பில் சேர வந்துவிடும்.

ஊரில் மற்றவர்கள் அநேகமாக யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துப் பாசனக் காணி கிடைத்து வந்து தலைமுறையாக நெல் விதைத்தவர்கள். என் அம்மாவும் அந்த வழிதான். எங்கள் ஆட்களுக்குத் தூள் என்றால் அது வீட்டு மானம். செத்தல் மிளகாயையும் மல்லியையும் சீரகத்தையும் கறுக்க வறுத்து இடித்து, போத்தலில் அடைத்து, இடம்பெயர்ந்து ஓடும்போதும் கையில் கொண்டு ஓடியவர்கள். கறி கறுத்துச் சிவந்து, மூக்கில் நீர் ஒழுகினால்தான் அது கறி. முத்துலட்சுமி அக்காவின் பூசணிக்காயோ இளமஞ்சளாக, கூச்ச சுபாவத்தோடு கோப்பையில் அமர்ந்திருக்கும்.

ஒரு மழைநாள். அம்மாவின் ஞாபகம் நாக்கின் நுனியில் வந்து குந்திக்கொண்டது. கொப்பியில் வழக்கமாக எழுதும் 'நன்று' அன்றைக்குக் கையில் வரவில்லை. 'தூள் போதாது' என்று எழுதிக் கையொப்பமும் வைத்தேன். இரண்டே சொல். எழுதிவிட்டு இரண்டாம் கோப்பையும் சாப்பிட்டேன் என்பதைக் கொப்பியில் எழுதவில்லை.

அந்த இரண்டு சொல்லையும் எடுத்துக்கொண்டு கூட்டத்தில் எழும்பியவர் சிவபாக்கியம் அக்கா. பெற்றோர் சங்கத்துச் செயலாளர். நல்ல மனுசி, குரல் மட்டும் குளக்கட்டில் நின்றால் மற்றக் கரைக்குக் கேட்கும். "எங்கடை பிள்ளையளுக்கு உந்தப் பத்தியக் கறி சரிவராது மிஸ். நான் சொன்னால் பகை எண்டுவியள். சேரே எழுதியிருக்கிறார், கேளுங்கோ" என்று கொப்பியை உயர்த்தி வாசித்தார். தாய்மார் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பின்னால் வாசலடியில் நின்ற முத்துலட்சுமி அக்காவும் பார்த்தார். அவருக்கு அப்படி ஒரு வரி எழுதப்பட்டிருப்பதே அப்போதுதான் தெரிந்தது. நான் எழும்பி ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். கூரையில் எத்தனை ஓடு இல்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

தாய்மார் முறை வைத்துச் சமைப்பதென்று முடிவாயிற்று. முத்துலட்சுமி அக்கா தன் அகப்பையைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த இரண்டு கிழமைகளும் என் நாக்கு கண்ட போர்க்களத்தை என்னவென்று சொல்ல. ஒரு நாளைக்கு ஒரு தாய், ஒரு தாய்க்கு ஒரு தூள். இன்றைக்கு இவர் கறி நேற்றையவர் கறியை வென்றாகவேண்டும். திங்களன்று இருமினேன். புதனன்று விக்கினேன். அரைச் சுவருக்கு மேலால் வந்த அறிவிப்பும் மாறியது: "சேர் இருக்கிறார், ஆனால் அழுறார்!" இரண்டு கிழமையும் நான் கொப்பியில் எழுதியது 'நன்று'. வீரம் இரண்டு சொல்லோடு முடிந்துவிட்டது.

கடைசி வெள்ளிக்கிழமை சிவபாக்கியம் அக்காவின் முறை. அவருடைய கடைக்குட்டி நிதுசன் முதலாம் வகுப்பு. தாய் தன் கையால் பரிமாறிய கோப்பையைப் பார்த்தான், முகர்ந்தான், தள்ளிவைத்தான்.

"ஏன்ரா, என்ன குறை?"

"எனக்கு வீட்டுச் சாப்பாடு வேண்டாம். பள்ளிக்கூடச் சாப்பாடு தாங்கோ."

"இதுதான்ரா பள்ளிக்கூடச் சாப்பாடு!"

"இல்லை, இது அம்மான்ரை சாப்பாடு" என்று வீறிட்டு அழத் தொடங்கினான். பக்கத்தில் இருந்த இரண்டு சின்னனும் சேர்ந்துகொண்டன. மற்றவை சோற்றை விட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயடியில் வரிசையாக நின்றன.

சிவபாக்கியம் அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். நான் சிரித்துவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். "சிரிக்காதையுங்கோ சேர். எழுதினது நீங்கள். நடவுங்கோ, முன்னாலை நடவுங்கோ" என்றார். இருவரும் வயல் வரம்பால் முத்துலட்சுமி அக்கா வீட்டுக்குப் போனோம். வரம்பு ஒடுக்கம், அதனால்தான் அவர் எனக்குப் பின்னால் வந்தார் என்று நம்ப விரும்புகிறேன்.

அக்கா முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கதிரை போட்டார். யார் தொடங்குவது என்று தெரியாமல் நாங்கள் இருவரும் அவருடைய கோழியைப் பாராட்டினோம்.

"நான் எழுதினது பிழை அக்கா" என்றேன் கடைசியில்.

"பிழை ஒண்ணும் இல்லீங்க சார். தூள் கம்மிதான்" என்றார் அவர், கோடரியைச் சாய்த்து வைத்தபடி. "மொத வாரம் நானும் ஒறப்பாத்தான் போட்டேன். ஒண்ணாம் வகுப்புப் புள்ளைங்க ஒரு வாய் சோறு, ஒரு டம்ளர் தண்ணி, ஒரு வாய் சோறு, ஒரு டம்ளர் தண்ணின்னு குடிச்சுச்சுங்க. வயிறு தண்ணியாலயே ரொம்பிருது, சோறு அப்படியே கெடக்குது. பாத்தேன். அதான் கொறச்சேன். சாருக்குச் சொல்லணும்னு தோணல." கொத்திய விறகை ஒதுக்கிக்கொண்டே, "சாரும் கேக்கல" என்றார்.

கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் கோபமே இல்லை.

சிவபாக்கியம் அக்காவின் பெரிய குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "உவன் வீட்டிலையும் தண்ணியைத்தான் குடிக்கிறவன்" என்றார், யாருக்கோ சொல்வதுபோல. "நான் வெயிலுக்காக்கும் எண்டு நினைச்சன்." பிறகு எழும்பி முத்துலட்சுமி அக்காவின் கையைப் பிடித்தார். "திங்கக்கிழமை வாருங்கோ. வராட்டில் என்ரை பெடியன் என்னை வீட்டிலையும் சமைக்க விடான்."

"வர்றேங்க" என்றார் அவர். "ஆனா ஒண்ணு. சார் என்ன வேணும்னாலும் எழுதட்டும். எழுதுறதுக்கு முன்னாடி எங்கிட்ட வாயால சொல்லிப்புடணும்."

திங்களன்று கிடாரம் ஏறியது. அன்றிலிருந்து நான் கோப்பையைக் கதிரைக்குக் கொண்டுபோகவில்லை. அடுப்படியிலேயே குந்தியிருந்து சாப்பிட்டேன். "அக்கா, பருப்பு இண்டைக்குக் கொஞ்சம் கட்டி" என்பேன். "மழை வருது சார், கட்டியா இருந்தாத்தான் புள்ளைங்களுக்குக் கதகதப்பு" என்பார். "கீரை கசக்குது" என்பேன். "சாருக்குக் கல்யாண வயசு தாண்டிப் போச்சுல்ல, எல்லாந்தான் கசக்கும்" என்பார். வெள்ளிக்கிழமைகளில் சிவபாக்கியம் அக்காவும் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார், மடியில் ஒரு சின்னப் போத்தலோடு. "சேருக்கு மட்டும் ஒரு சிட்டிகை" என்று என் கோப்பையில் தூவிவிட்டு, கிடாரத்தின் பக்கமே பார்க்கமாட்டார். புகை கண்ணைக் கரிக்க மூவரும் வாதாடி முடிக்க அரை மணித்தியாலம் ஆகிவிடும். இத்தனைக்கும் பிறகு கொப்பியில் நான் எழுதுவது 'நன்று' மட்டுந்தான். மிச்சம் எல்லாம் சொல்லி முடிந்திருக்கும்.

நான் மாற்றலாகி வந்த பிறகு அங்கே பிள்ளைகள் குறைந்து குறைந்து, இருந்தவர்களைப் பெருந்தெருவோரப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிட்டார்கள். முத்துலட்சுமி அக்கா மூத்த மகளோடு வவுனியாவுக்குப் போய்விட்டாராம். போன மாதம் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். மாபிள் பதித்த மண்டபம், கை கழுவ வரிசையாகக் குழாய்கள், எல்லாம் நேர்த்தி. சோறு வேறெங்கோ சமைத்து, மூடிய பாத்திரங்களில், முச்சக்கர வண்டியில் வந்து இறங்கியது. ஓர் இளம் ஆசிரியர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். மென்றார். ஏதோ சொல்ல வாயெடுத்துத் தலையை நிமிர்த்தினார்.

முச்சக்கர வண்டி வாசலைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. அவர் கொப்பியை விரித்துப் பேனையைத் தேடினார்.