பையைக் கழற்றிய ராஜாமணியும் கழற்றாத நானும்

சம்பளத்துக்குப் பார்க்கிற நர்சுக்கு எட்டு மணி நேரம் போனால் மாற்ற இன்னொருத்தி வருவாள். யூரின் டியூப் போட்ட புருஷனைப் பார்க்கிற வேலையில் மாற்ற ஆளே கிடையாது. அந்த வேலையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் முகம் சுளிப்பார்கள்.

தாம்பூலப் பை

என் வீட்டுக்காரருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். அதற்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் சிறுநீர் சுத்தமாக அடைத்துக்கொண்டது. ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு, முனையில் ஒரு பையை மாட்டிவிட்டார்கள். மாதம் ஒரு தடவை டியூப்பை மாற்ற வேண்டும். பையோடு மாதா கோயிலுக்கு வரக் கூச்சப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசையையே விட்டுவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். நான் மட்டும் போய் ரெண்டு பேருக்கும் சேர்த்து முழங்காலில் நிற்பேன்.

அவரோடு மில்லில் வேலை பார்த்தவர் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். ரொம்பக் கெஞ்சியதில் வரச் சம்மதித்தார். பீரோவில் கிடந்த பழைய தாம்பூலப் பைக்குள் யூரின் பையை வைத்து, டியூப்பை வேட்டிக்குள் மறைத்து, "மடியில தூக்கி வச்சிராதீங்க, கீழயே தொங்கட்டும்" என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். மண்டபத்து வாசலில் பெண்ணின் அப்பா பையைப் பார்த்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, தாலி கட்டுமுன்னாடியே தேங்காப் பைய வாங்கிட்டீய. சாப்பிடாமப் போயிரலாம்னு பாக்கீயளா?"

சத்தம்

டியூப் மாற்றப் போகிற நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜாமணியும் அவள் புருஷனும் வருவார்கள். அவருக்கும் இதே நோய், இதே பை. எவ்வளவு வந்தது, என்ன நிறத்தில் வந்தது என்று நாங்கள் ரெண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம், மற்ற பெண்கள் சேலை பேசுகிற மாதிரி.

ஒரு மாதம் ராஜாமணியின் புருஷன் ஊசி போட மட்டும் கையை வீசிக்கொண்டு வந்தார். பை இல்லை. மதுரையில் வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வருகிற வழியாகவே மெல்லிசாக ஒரு கருவியை விட்டு, அடைத்திருந்த சதையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டார்களாம். நோய் போகவில்லை, வழி திறந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் அதைச் செய்யலாம்தான். ஆனால் அவர் இருதயத்துக்காக ரத்தம் இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறார். அதை நிறுத்த இருதய டாக்டர் சம்மதிக்கும்வரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு ராஜாமணியின் புருஷன் ஆஸ்பத்திரி பாத்ரூமுக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்ட மாதிரிச் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு ஏங்கிப்போனேன். அடுத்தவள் கழுத்து நகைக்குக்கூட நான் அப்படி ஏங்கியதில்லை. ராஜாமணி என் பக்கம் சாய்ந்து சொன்னாள்: "வீட்டுல அவிய உள்ள போனா நான் டிவி சத்தத்தக் குறைச்சு வச்சிருவேன்க்கா."

பாவசங்கீர்த்தனம்

அதற்குப் பிறகு ஜெபமாலை சொன்னாலும் அந்தச் சத்தம்தான் காதில். அந்த மனுஷனுக்கு மறுபடியும் அடைக்கட்டும் என்று நான் மாதாவிடம் கேட்கவில்லை. கேட்கப் போன வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். சனிக்கிழமை போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொன்னேன்: "சாமி, அடுத்தவ புருஷன் ஒண்ணுக்குப் போறதக் கேட்டுப் பொறாமைப்பட்டேன்."

நடுவில் மறைக்கிற தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சாமியாருக்கு எழுபது வயது இருக்கும். "மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லும்மா. எனக்காகவும் ஒண்ணு சேத்துச் சொல்லு. நான் ராத்திரி நாலு தடவ எந்திரிக்கேன்."

மூணாம் நாள்

இருதய டாக்டர் ஒருவழியாகச் சம்மதித்தார். மதுரையில் என் வீட்டுக்காரருக்கு முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துச் செய்தார்கள். மேலே ஒரு தையல்கூடக் கிடையாது. ரெண்டு நாள் பையில் சிவப்பாக வந்து தெளிந்தது. மூணாம் நாள் காலையில் டியூப்பை உருவினார்கள். தானாக வந்தால் வீட்டுக்கு. வராவிட்டால் மறுபடியும் பை. டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொடுத்தேன். மதியம் வரை ஒன்றும் இல்லை. ராஜாமணி ரெண்டு தடவை போன் பண்ணினாள். நான் எடுக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பாத்ரூமுக்குள் போனார். ரிமோட்டைத் தேடி வார்டு டிவியை நானே அமர்த்திவிட்டு, ஜெபமாலையோடு கதவில் காதை வைத்தேன். சொட்டுச் சொட்டாகக் கேட்டது. நின்றது. மறுபடி சன்னமாக, விட்டுவிட்டு. உள்ளேயிருந்து அவர் சத்தம் போட்டார்: "ஏட்டி, அங்கன நிக்காத. நீ நிக்கன்னு தெரிஞ்சா வாரதும் நின்னுருது."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வேலையாக ராஜாமணிக்குப் போன் போட்டேன். "எப்படி வருதுக்கா?" என்றாள். "குழாயத் தொறந்துவிட்ட மாதிரி," என்றேன். அவள் சொன்னாள்: "அப்படியாக்கா... எங்க வீட்டுல இப்பம் அம்புட்டு வேகம் இல்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் கையை வீசிக்கொண்டு பூசைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் மட்டும் அந்தப் பொய்க்காக மறுபடியும் சாமியாரின் தட்டிக்கு முன்னால் நின்றேன்.