முயலுக்கு முதல் தரப் புல்

எங்கள் வீட்டு முயல் சாப்பாட்டை நிறுத்திய மறுநாளே என் கணவரும் சோற்றை நிறுத்திவிட்டார். எனக்குக் காய்ச்சல் வந்து நான் சுருண்டு கிடந்த நாட்களில்கூட ஒரு வேளை தவறாமல் சாப்பிட்ட மனிதர் இவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகள் கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது விட்டுச்சென்ற முயல் அது. "இந்தச் சனியனை யாரு பாக்குறது?" என்று முதலில் கத்தியவர், கொஞ்ச நாளிலேயே தன் தேநீரில் தோய்த்த பிஸ்கட்டை அதற்கு ஊட்டத் தொடங்கினார். கேட்டால், "வாயில்லா ஜீவன்" என்பார். வாயுள்ள ஜீவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை.

மிருக வைத்தியர் முயலின் பற்களைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். முயல் பிஸ்கட் தின்னக் கூடாதாம். நாள் முழுக்க நீளநீளமான காய்ந்த புல்லை மென்றுகொண்டே இருக்க வேண்டுமாம். "இப்போதைக்குக் கூழ் கொடுத்து உயிரைப் பிடித்து வைக்கலாம். தானாகப் புல் தின்னாவிட்டால் பிழைக்காது" என்று சிங்களத்தில் சொன்னார். வெளியே வந்ததும் கணவர் அதை அப்படியே என்னிடம் தமிழில் சொன்னார். எனக்கும் சிங்களம் தெரியும். அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

காய்ந்த புல்லுக்குக் கண்டியில், அதுவும் அந்த மழையில், எங்கே போவது? எங்கள் வீட்டில் குளித்துத் துடைக்கும் துவாயே காய்வதில்லை. கணவர் ரோட்டோரப் புல்லை அறுத்து வந்து கொடியில் தொங்கவிட்டார், பூசணம் பிடித்தது. கலகெதரப் பக்கத்து வயல்களிலிருந்து வைக்கோல் கொண்டு வந்தார். முயல் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. கணவர் பாலில்லாத வெறும் பிளேன்டியைக் குடித்துவிட்டுத் துணிக்கடை வேலைக்குப் போய் வந்தார். துணி அளக்கும்போது தலை சுற்றி மேசையைப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். அதன் பிறகுதான் எனக்கும் பயம் வந்தது.

பன்விலவில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஈர இலையைக் காயவைப்பதுதான் அவருக்குத் தொழில்.

"புல்லக் காயவைக்கணுமா? இத்தன வருசமா நா வேற என்னா வேல பாக்குறேன் தங்கச்சி?" என்று சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்கைத் தோளில் சுமந்து வந்தார். கணவர் ஓடிப்போய்ப் பேப்பரை விரித்தார். சாக்கு வாயைத் திறந்ததும் வாசனை வீடெல்லாம் பரவியது. உள்ளே கறுப்பாக, சுருள்சுருளாக, பொடிப்பொடியாக ஏதோ இருந்தது. அண்ணன் தேயிலைக்குச் செய்வதுபோலவே புல்லை வாட்டி, கையாலேயே உருட்டி, சூட்டில் உலர்த்தி, சலித்தும் எடுத்திருந்தார்.

"அண்ணே, இது முயலுக்கு."

"முயலுன்னா மட்டமா குடுக்கலாமா? சும்மா காயவச்சு எடுத்துட்டு வர மனசு வரல தங்கச்சி."

முயலைக் கூண்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டோம். அது பொடியை மோந்து பார்த்தது, தும்மியது, திரும்பி உட்கார்ந்துகொண்டது. அண்ணனுக்கு ரோசம் வந்துவிட்டது. சுடுதண்ணீர் கேட்டு வாங்கி, அதில் ஒரு பிடியைப் போட்டு, சத்தமாக உறிஞ்சினார்.

"சரக்குல ஒரு குறையும் இல்ல. அதுக்குத்தான் ருசி தெரியல" என்று மச்சானுக்கும் ஒரு கோப்பையை நீட்டினார். கணவர் மரியாதைக்கு வாங்கிக்கொண்டார். ஆனால் குடிக்கவில்லை. அண்ணனைத் திட்டவும் மனமில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

அப்போதுதான் கறுக், கறுக் என்று சத்தம் கேட்டது. சரிந்து கிடந்த சாக்குக்குள் முயல் பாதி உடம்பை நுழைத்திருந்தது. பஸ்ஸில் சரக்கில் ஈரம் படாமல் இருக்க, தான் பொறுக்கி ஒதுக்கிய காய்ந்த நீளப் புல் காம்புகளை அண்ணன் அடியில் திணித்திருந்தார். அதைத்தான் முயல் மென்றுகொண்டிருந்தது.

அண்ணன் பதறிப்போனார். "ஐயோ, அது கழிவு! வாயிலருந்து எடுங்க!" என்று கையை நீட்டினார்.

கணவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க மச்சான். திங்கட்டும்" என்றவரின் குரல் உடைந்துபோனது. எங்கள் இருவர் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதார். அண்ணன் அவரைப் பார்த்தார், முயலைப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, கழிவுக் காம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து முயலின் வாய்ப்பக்கம் தள்ளிவைத்தார்.

"தின்னு ராசா, தின்னு. தங்கச்சி, மச்சானுக்குச் சோறு போடு" என்றார்.

நான் தட்டில் சோற்றைப் போட்டுக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கறிச்சட்டியை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் பாதிச் சோறு காலி. முயலை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "கறி நல்லா இருக்கு" என்றார்.

சட்டி இன்னும் என் கையில்தான் இருந்தது.