அக்காவின் அசதி

என் அக்காவுக்கு வந்த வியாதியின் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் மேலுறை அரித்துப்போகும் நோய் என்று டாக்டர் விளக்கினார். முதலில் ஒரு கண் மங்கியது, பிறகு தெளிந்தது. கால் மரத்தது, அதுவும் சரியானது. போகாமல் ஒட்டிக்கொண்டது அசதிதான். குளித்துவிட்டு வந்தால் தலை துவட்டத் தெம்பிருக்காது, ஈரத்தலையோடு படுத்துவிடுவாள்.

அசதியை யார் கண்ணால் பார்க்க முடியும்? லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் அவளுடைய மாமியார் வருகிறவர்களிடமெல்லாம், "பாக்க நல்லாத்தான் இருக்கா. எழுந்திரிக்கத்தான் மனசு வரல," என்பார். அத்தான் வாயைத் திறக்க மாட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எங்கள் அம்மாவே போனில், "கொஞ்சம் சுறுசுறுப்பா இருடி" என்று அவளிடம் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று நான் கத்திய கத்தல் உப்பளத்தில் எங்கள் தெருவுக்கே கேட்டிருக்கும்.

செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. டாக்டர் ஒரு புது வைத்தியத்தைச் சொன்னார். மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. கைப்பிடி வைத்த காந்தச் சுருளைத் தலைக்கு மேல் பிடித்து மூளையைத் தூண்டிவிடுவார்களாம். பலன் உறுதியில்லை, சோதித்துத்தான் பார்க்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தொடங்கும் முன் மூளையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஸ்கேன் எடுத்தார்கள். வண்ணப் படத்தில் நெற்றிப் பக்கத்தைக் காட்டி, "இங்க ரத்த ஓட்டம் குறைவா இருக்கு. உங்க அசதிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கலாம்," என்றார்.

அக்கா அழுதாள். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

"அப்ப நான் சோம்பேறி இல்லதானே டாக்டர்?"

மூளையில் குறை என்று கேட்டு மகிழ்ந்த ஒருத்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தப் படத்தை மடியில் இறுகப் பிடித்தபடி என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வீட்டில் அத்தான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கலர் கலரா இருக்கு," என்றார். அவ்வளவுதான்.

சில வாரம் வைத்தியம் நடந்தது. காஸ் லைட்டரை விடாமல் தட்டுவதுபோல் சத்தம் வரும், பெரிதாக வலிக்காது என்பாள். உண்மையிலேயே தெம்பு வந்தது. ஒரு சாயங்காலம் கடற்கரைச் சாலையில் என்னோடு நடந்தாள், நின்று சுண்டல் வாங்கித் தின்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த பெண்ணை நிறுத்திவிட்டார்கள். "பாத்தியா, மனசு வெச்சா முடியுது," என்றார் மாமியார். கருவடிக்குப்பத்திலிருந்து நாத்தனார் குடும்பம் ஞாயிறுதோறும் சாப்பிட வந்தது. வைத்தியம் முடிந்து கொஞ்ச நாளில் தெம்பு வடியத் தொடங்கியது. இப்படி ஆகலாம் என்று டாக்டர் எச்சரித்துத்தான் இருந்தார். அக்கா மறுபடி படுத்தாள். இந்த முறை அத்தானே வாயைத் திறந்தார்.

"போன மாசம் முடிஞ்சுது, இந்த மாசம் மட்டும் முடியலையா?"

முன்பாவது அவள் நோயாளியா என்று சந்தேகப்பட்டார்கள். இப்போது நடிக்கிறாள் என்றே முடிவுகட்டிவிட்டார்கள்.

இன்னொரு சுற்று பார்க்கலாம் என்று டாக்டர் கூப்பிட்டபோது நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எழுந்து கிளம்பு என்று அதட்டினேன்.

"வேணாம்டி," என்றாள். "இன்னொரு தடவ நல்லாயிட்டா, அப்புறம் என்னப் படுக்கவே உடமாட்டாங்க."