‘போன’ என்பதை வெட்டியது

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் கொழும்புத்துறைப் பெண் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து படலையைத் தட்டினார். வெள்ளியில் இந்த வீட்டில் மீன் சமைப்பதில்லை என்பது அவருக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். சைக்கிளில் பெட்டியும் இல்லை. கையில் ஒரு பைல் மட்டும் இருந்தது. முப்பத்து நான்கு வருடம் கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலகத்தில் லிகிதராக இருந்தவன் நான். பைலோடு வருகிறவர்களுக்குக் கதிரைக்கு முன்பு கேள்வியைத்தான் எடுத்துப் போடுவேன்.

“ஆர் அனுப்பினது?”

“ஒருத்தரும் அனுப்பேல்லை ஐயா. உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. நான் ஒப்பம் வைக்கலாமோ?”

அது ஒரு படிவம். போர்க்காலத்தில் இல்லாமல் போன அவருடைய மகனைப் பற்றிய பழைய முறைப்பாட்டை ‘இற்றைப்படுத்த’ வேண்டுமாம். இந்த முறைப்பாடுகளைப் பதியும் அலுவலகத்திலிருந்து ஒரு இளம் உத்தியோகத்தர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, மிக அன்பாகப் பேசியிருக்கிறார். விடைகளை அவரே பென்சிலால் எழுதிவிட்டார். அம்மா அதன்மேல் பேனையால் எழுதி ஒப்பமிட்டால் போதும். திங்கட்கிழமைக்குள் தராவிட்டால் பைலை மூடிவிடுவார்கள்.

அந்தப் பென்சில் வித்தை எனக்குத் தெரியும். வரிசையைச் சீக்கிரம் குறைக்க நானும் செய்திருக்கிறேன். பென்சில் எங்களுடையது, பேனை அவர்களுடையது. பிறகு கேட்டால், அவர்களே எழுதியது.

‘காணாமற்போன சூழ்நிலை’ என்ற கட்டத்தில் பென்சில் சொன்னது: ‘வீட்டிலிருந்து வெளியே சென்றவர் திரும்பவில்லை.’

“உண்மையிலை என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

“விசாரணை, காலமை ஆமிக் காம்புக்குக் கூட்டிக்கொண்டு வா எண்டாங்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். கேற்றிலை நிண்டவன் அவன்ரை அடையாள அட்டையை வாங்கிக் கொப்பியிலை பதிஞ்சவன். பின்னேரம் போய்க் கேக்க, அப்பிடி ஒருத்தரும் வரேல்லை எண்டாங்கள்.”

சர்வதேச சட்டத்தில் இது ஒரு குற்றத்தின் முழு வரைவிலக்கணம். அரசின் ஆட்கள் ஒருவரைப் பிடித்து வைப்பது, பிறகு பிடிக்கவேயில்லை என்பது. ஆள் எங்கே, என்ன ஆனார் என்று சொல்லும்வரை அந்தக் குற்றம் முடிவதில்லை. அன்றைக்கு அந்த வாசலில் தொடங்கியது நாங்கள் கதைத்துக்கொண்டிருந்த அந்த வெள்ளிக்கிழமையும் நடந்துகொண்டுதான் இருந்தது. அதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையில் எங்கள் நாடும் ஒப்பமிட்டிருக்கிறது. ஒப்பமிடுவதில் நாங்கள் கெட்டிக்காரர். ஆனால் தாய் தன் கையால் ‘வெளியே சென்றவர்’ என்று எழுதிக் கொடுத்தால், அங்கே காம்பும் இல்லை, கொப்பியும் இல்லை, குற்றமும் இல்லை.

“உதுக்கு ஒப்பம் வையாதேங்கோ தங்கச்சி. அழிச்சுப்போட்டு நாங்களே எழுதுவம்.”

பென்சிலை அழித்தேன். இணைப்பதற்கு ஒரு வாக்குமூலமும் எழுதி, கொஞ்சம் பெருமையோடு வாசிக்கத் தொடங்கினேன். “காணாமற்போன எனது மகன் தொடர்பாக…”

“நிப்பாட்டுங்கோ. என்னெண்டு தொடங்கினனீங்கள்?”

திரும்ப வாசித்தேன்.

“அவன் எங்கை போனவன்? நான் கொண்டுபோய்க் குடுத்தனான் எண்டெல்லோ இவ்வளவு நேரமும் கதைச்சனான்! ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. பென்சிலாலை எழுதின அந்தத் தம்பி உங்களிட்டையும் வந்தவரோ?”

“சீச்சீ. அது கைப்பழக்கம்.”

“உங்கடை கைக்கு ஆர் பழக்கினது?”

வேறு தாள் எடுத்து முதல் வரியை மாற்றி எழுதினேன். படிவத்தில் அச்சடித்திருந்த ‘போன’வையும் வெட்டச் சொன்னேன். வெட்டிய இடத்தில் ஒப்பம் இல்லாவிட்டால் அதையே சாட்டி நிராகரிப்பார்கள் என்பதால், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒப்பமும் வைக்கச் சொன்னேன். ‘காணாமற்’ என்பதற்குப் பின்னால் ‘ஆக்கப்பட்ட’ என்று கட்டத்துக்கு வெளியே போகும் அளவுக்குப் பெரிதாக எழுதினார். சந்தி இலக்கணம் பிழைத்தது. நான் திருத்தவில்லை.

திங்கட்கிழமை உத்தியோகத்தர் வரும்வரை காத்திராமல் தானே அலுவலகத்துக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை மீனோடு வந்தபோது நடந்ததைச் சொன்னார்.

“அம்மா, அச்சடிச்சதை வெட்ட ஏலாது எண்டார். வெட்டின இடமெல்லாம் ஒப்பம் கிடக்கு, பாருங்கோ தம்பி எண்டன். உது ஆர் சொல்லித் தந்தது எண்டு கேட்டார். ஏன், உங்கடை படிவத்திலை அதுக்கும் ஒரு கட்டம் கிடக்கோ எண்டன்.”

பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கி வந்திருந்தார். பார்க்கத் தந்தபோதும் ஒரு ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டே நின்றார்.

“இது என்ரை அலுமாரிக்கை இருக்கட்டும். பத்திரம்,” என்றேன்.

“குறை நினையாதேங்கோ ஐயா. நான் இனி ஒண்டையும் ஒருத்தரிட்டையும் விட்டிட்டு வாறேல்லை.”

மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு போனார். நான் குறை நினைக்கவில்லை. அந்த முத்திரைக்குக் கீழே பெயரில்லாத ஒரு சுருக்கொப்பம் இருந்தது. அது அந்தத் தம்பியுடையதா, அல்லது கேட்டால் ஒருவரும் தன்னுடையது என்று சொல்லாத வகையா என்றுதான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.