கண் திறந்த வண்டி

எண்பதுகளின் தொடக்கம். ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போடியிலிருந்து மதுரைக்குக் கிளம்பினேன். டிக்கெட் எட்டு ரூபாய். மடியில் இருந்த பையில் வண்டி வாங்குவதற்கான பணம் இருந்ததால், பக்கத்தில் உட்கார்ந்தவர் தூங்கி விழுந்தபோதெல்லாம் அவர் நடிக்கிறாரோ என்று சந்தேகப்பட்டபடியே வந்தேன்.

எங்கள் ஏலக்காய்த் தோட்டம் போடிக்கு மேலே மலையில் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து பிரிந்து ஒன்பது கிலோமீட்டர் கல் பாதை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அதில் கழுதைகூட ஏற யோசிக்கும். என் மனைவி தாமரை நர்ஸ் படித்தவள். தோட்டத்துப் பெண்களுக்குப் பேறுகாலம் பார்ப்பது அவள்தான். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. அடுத்தவர் பிள்ளைகளை ஏந்தி வாங்கியே அவள் கைகள் பழகிவிட்டன. அதற்கு முந்தைய வருட மழையில் பேச்சியம்மாள் என்ற பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாக வேண்டும். என்னுடைய பழைய பெட்ரோல் ஜீப் முதல் வளைவிலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கம்பளியில் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாதி வழியில் தாமரை டோலியை இறக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் அவசரப்படவில்லை.

"இந்த ஐப்பசிக்குள்ள மலை ஏறுற வண்டி ஒண்ணு வரணும். இல்லேன்னா நான் இந்த வேலையவே விட்டுர்றேன். இன்னொருத்திய அப்படி வழியில இறக்கி வைக்க என்னால ஆகாதுங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

மதுரையில் சிம்மக்கல் பக்கம் பட்டறை வைத்திருந்த ராசு என்னை எதிர்பார்த்துக் காத்திருந்தார். மெக்கானிக், தரகர் இரண்டும் அவரே. நாலு சக்கரமும் இழுக்கிற ஜப்பான் டீசல் வண்டி ஒன்று கொட்டாம்பட்டிப் பக்கம் நிற்பதாகக் கார்டு போட்டிருந்தார். ஆழ்குழாய்க் கிணறு தோண்ட வந்த வெளிநாட்டுக்காரர்கள் திரும்பிப் போகும்போது ஏலத்தில் விட்டதாம். அந்த மாதிரி வண்டிக்கு மதுரையில் எழுபதாயிரத்துக்குக் கீழே யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இதற்குச் சொன்ன விலை முப்பத்தைந்து.

"ஏன் இம்புட்டுக் கம்மி?" என்றேன்.

"எனக்கும் அதேன் வெளங்கலண்ணே" என்றார் ராசு. வேறெதற்கும் அவர் அவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு பேட்டரியையும் இருபது லிட்டர் டீசல் கேனையும் தூக்கிக்கொண்டு திருச்சி பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் இரண்டுக்கும் லக்கேஜ் போட்டார். மேலூரைத் தாண்டினால் மொட்டைப் பாறைகளும் காய்ந்த கண்மாய்களும்தான். ஐம்பதாவது கிலோமீட்டரில் கொட்டாம்பட்டி. அங்கிருந்து மாட்டுவண்டியில் நான்கு கிலோமீட்டர் போய் அந்தக் கிராமத்தில் இறங்கும்போது மணி பதினொன்று.

ஜப்பான் வண்டியை விற்கிற ஆண்டிச்சாமி எங்களை வீட்டுக்குக் கூப்பிடவில்லை, நேராக அய்யனார் கோயிலுக்கு நடத்திப் போனார். நாவல் மர நிழலில் ஆளுயர மண்குதிரைகள் வரிசையாக நின்றன. வெள்ளை, சிவப்பு, வாய் பிளந்து பல் தெரிகிற குதிரைகள். வரிசையின் கடைசியில், அதே திசையைப் பார்த்தபடி, கழுத்தில் காய்ந்த மாலையோடு நின்றது பச்சை நிற வண்டி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"தோட்டத்துக் கெணத்துல தண்ணி விழுந்தா அய்யனாருக்கு மண்குதிரை எடுக்குறேன்னு நேந்துக்கிட்டேன். விழுந்துச்சு. புரவியெடுப்பு அன்னைக்கு ஊரே சேந்து தூக்கிட்டு வாரப்ப, என் குதிரை மட்டும் நடுவழியில காலு ஒடிஞ்சு விழுந்துருச்சு. நேந்தது தப்பக் கூடாதுல்ல? வண்டிக்கு மாலையப் போட்டு வரிசையில நிறுத்திட்டேன். வேளாரு எல்லாத்துக்கும் கண்ணத் தொறந்தாரு. இதுக்கும் தொறந்துட்டாரு."

குதிரைகளைச் செய்கிற வேளார் அங்கேயே நின்றிருந்தார். கடைசியாக மை வைத்துக் கண் திறக்கும் வரை அது வெறும் மண், திறந்த பிறகு சாமியின் குதிரை. ஏன் இதற்கும் திறந்தீர்கள் என்று கேட்டேன். "வரிசையில நின்னுச்சு, வச்சுட்டேன்" என்றார். அவருக்கும் அது சரியாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அப்பறம் எதுக்கு விக்கிறீக?" என்றார் ராசு.

ஆண்டிச்சாமி குரலைத் தாழ்த்தினார். "நிறுத்துன எடத்துல நிக்க மாட்டேங்குதுண்ணே. விடிஞ்சு பாத்தா ஒருநா கடலைக் காட்டுல நிக்குது, ஒருநா கம்மாய்க்குள்ள. சாவி என் வீட்டு ஆணியில தொங்குது. நேந்துவிட்ட காளை வெள்ளாமையில எறங்குனா அடிக்க முடியுமா? அப்படித்தேன். ஊருல வையிறாக."

ராசு பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். பேட்டரி இருந்த இடத்தில் சிலந்தி வலை. டாங்கில் குச்சியை விட்டார், ஈரமில்லாமல் வந்தது. பிறகு இன்ஜின்மேல் கையை வைத்தவர், சுட்டுக்கொண்டவர்போல எடுத்தார்.

"அண்ணே, சூடா இருக்கு."

"வெயிலு" என்றார் ஆண்டிச்சாமி. நாங்கள் மூன்று பேரும் நாவல் மரத்து நிழலைப் பார்த்தோம்.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும் என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். எனக்கு ஐப்பசி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. வெறும் கையோடு போய்த் தாமரை முன்னால் நிற்பதைவிட இது பரவாயில்லை என்று தோன்றியது. பணத்தைக் கொடுத்தேன். பேட்டரி மாட்டி, டீசல் ஊற்றியதும் முதல் திருகிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. வேளார் இரண்டு விளக்குகளிலும் சந்தனத்தை அப்பி, மஞ்சள் துணியால் இறுகக் கட்டினார்.

"உங்க மலையில ஏறுற வரைக்கும் அவுக்காதீக. பாத்துட்டா இங்கதேன் திரும்பும்."

ராசு சட்டையை உதறிக்கொண்டார். "நீங்க போங்கண்ணே. நான் பஸ்ஸுல வாரேன்."

ஒரு மணிக்குத் தனியாகக் கிளம்பினேன். வண்டி அருமையாக ஓடியது. மேலூர், மதுரை, செக்கானூரணி என்று எங்கேயும் சின்ன முனகல் இல்லை. பயந்ததை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. உசிலம்பட்டியில்தான் நின்றது. சந்தை மாடுகள் ரோட்டை அடைத்து நின்றன. ஹாரன் அடித்தேன், ஒன்றும் அசையவில்லை. எல்லா மாடுகளும் தலையைத் திருப்பி வண்டியின் கட்டிய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தன. மேய்ப்பவர் ஒருவர் அருகில் வந்து, "உள்ள என்னத்த ஏத்திருக்கீக? மாடு இப்படி நின்னு பாத்ததில்லையே" என்றார். ஒன்றுமில்லை என்றேன். அந்தக் கூட்டம் வழிவிட ஒன்றரை மணி நேரம் ஆனது.

அதனால் ஆண்டிபட்டிக் கணவாயில் இருட்டிவிட்டது. எதிரே வந்த லாரி என்னை உரசாத குறையாகப் போனது. விளக்கில்லாமல் இனி ஓட்ட முடியாது. ஓரம் கட்டி, மனசில்லாமல் துணிகளை அவிழ்த்துச் சந்தனத்தைத் துடைத்தேன்.

ஏறி உட்கார்ந்து கியர் போட்டதும் ஸ்டியரிங் என் கைகளுக்குள் தானாகச் சுற்றியது. வண்டியின் மூக்கு கிழக்கே, வந்த வழிக்குத் திரும்பியது. பிரேக்கை மிதித்தால் நின்றது, காலை எடுத்தால் திரும்பியது. இன்ஜினை அணைத்து விளக்கையும் அணைத்தேன். இன்ஜின் அணைந்தது. விளக்குகள் அணையவில்லை.

இறங்கி அந்த இரண்டு வெளிச்சத்துக்கும் முன்னால் போய் நின்றேன். என்ன பேசுவது? மாட்டிடம் பேசுவதுபோலத்தான் பேச வந்தது.

"பேச்சியம்மான்னு ஒரு பிள்ளை. இருபது வயசு. பாதி வழியில டோலிய எறக்கி வச்சோம். இந்த மழைக்கு இன்னும் மூணு பொம்பளைக இருக்காக. செல்லத்தாயி, ராக்கம்மா, மூக்காயி. அவுகளுக்காகத்தான் உன்னக் கூட்டிட்டுப் போறேன். எனக்காக இல்ல." ரோடு என்றும் பார்க்காமல் அழுதேன்.

திரும்பி ஏறியபோது வண்டி மேற்கே பார்த்து நின்றது. அது திரும்பியதை நான் பார்க்கவில்லை, சத்தமும் கேட்கவில்லை. மலை ஏறி வீடு சேரும்வரை ஸ்டியரிங்கில் விரல் வைத்திருந்ததோடு சரி.

தாமரையிடம் எல்லாம் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். "பேரைச் சொன்னதும் கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் கொட்டித் தீர்த்தது. செல்லத்தாயியையும் ராக்கம்மாவையும் மூக்காயியையும் அந்தக் கல் பாதையில் இறக்கிக் கொண்டுபோனோம். தாயும் பிள்ளையுமாக மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். மூக்காயி வீடு திரும்பிய மறுநாள் காலை ஷெட் காலி. கிழக்கே சமவெளியைப் பார்த்தபடி தோட்டத்துக் கேட்டில் மூக்கை வைத்து நின்றது வண்டி. சாவி என் தலையணைக்கு அடியில் இருந்தது.

தாமரை ஈரப் புல்லில் நடந்து போய் பானெட்டில் கை வைத்தாள். "வேலம்மாளுக்கு மாசியில பேறுகாலம்" என்றாள். மறுநாள் அது ஷெட்டை விட்டு நகரவில்லை.

கொட்டாம்பட்டிக்காரர்கள் கோயில் வாசலில் நின்ற குதிரையை வைது விரட்டினார்கள். நாங்கள் கெஞ்சி நிறுத்தி வைத்திருந்தோம். எது சரி என்று எனக்குத் தெரியாது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் போய், மலையில் அடுத்து எந்தப் பெண்ணுக்கு என்று பெயரைச் சொல்லிவிட்டு வருவது என் வேலையாகிவிட்டது. சொல்லப் பெயரில்லாத நாள் வந்தால் கேட்டைத் திறந்து வைத்துவிடுவதென்று முடிவு செய்திருந்தேன்.

வேலம்மாளுக்கு ஆண் பிள்ளை. அதற்கப்புறம் மலையில் வயிற்றுப்பிள்ளைக்காரி என்று யாரும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் கேட்டைத் திறக்கப் போனவனைத் தாமரை கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கை சில்லென்றிருந்தது.

"கேட்டைச் சாத்துங்க. இன்னைக்கு என் பேரைச் சொல்லுங்க" என்றாள்.