எரியாத பச்சை விளக்கு

வெடிமருந்து வாடை. பட்டாசுக் கம்பெனிச் சுவரைத் தாண்டி அது மூக்கில் ஏறும்போதெல்லாம் என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. கர்த்தருக்குள் பிரியமானவர்களே, உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதுவே பெரிது.

தொலைபேசிக் கேபிள் பார்த்தே தலை நரைத்தவன் நான். கணினி வலையமைப்பில் முதுகலைப் பட்டம் இல்லாதவர்களுக்கு இனி வேலை இல்லை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். நாற்பத்தேழு வயதில் தொலைதூரக் கல்வியில் சேர்ந்தேன். பகலெல்லாம் வெயில், வீட்டுக்கு வந்தால் புத்தகம். எழுத்துகள் எறும்புகளாக ஊர்ந்தன. செய்முறைத் தேர்வில் ஒருமுறை தோற்றாயிற்று. இன்னொரு முறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "ஆண்டவரே, மதுரைத் தேர்வுக்கு மட்டும் என்னைக் கொண்டுபோய்ச் சேரும்." அதற்குமேல் ஜெபிக்கத் தெம்பில்லை.

தேர்வு பிற்பகலில். காலையிலேயே போன் வந்தது. நாரணாபுரத்தில் ஒரு கம்பெனிக்குள் லோடு லாரி இழுத்து, இணையம் வரும் ஃபைபர் கேபிள் அறுந்துவிட்டது. சீசன் நேரம், ஆர்டர் நிற்கிறது.

ஃபைபரை ஒட்டும் இயந்திரம் மின்பொறியால்தான் கண்ணாடி இழையை உருக்கும். ஆகவே பட்டாசுக் கம்பெனிக்குள் அதைத் திறக்க மாட்டோம். கேபிளை வெளியே இழுத்துவந்து, ரோட்டோரம் வண்டிக்குள் உட்கார்ந்து ஒட்டுவோம். எங்கள் பக்கத்தில் தொழில் பழகுவதே அப்படித்தான். அன்று தூக்கம் அதை மறக்கடித்தது. மருந்து காயும் களத்துக்கு அருகே நிழல் பார்த்து உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினேன்.

இயந்திரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. விடியலில் படிப்பதற்கு மடிக்கணினியைச் செருக, இயந்திரத்தின் சார்ஜரை நான்தான் பிடுங்கியிருந்தேன். இன்றைக்குமா ஆண்டவரே என்று நொந்துகொண்டே மறுபடி அழுத்தினேன்.

"சார், எங்கன உக்காந்திருக்கீக?"

போர்மேன் மாரியப்பன் ஓடிவந்தார். அப்போதுதான் வாடை எனக்கு உறைத்தது. பக்கத்து அறையில் பெண்கள் திரி செருகிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எதற்கோ சிரித்தாள். இயந்திரத்தை மூடினேன்.

மாரியப்பன் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தார். தேர்வைச் சொன்னேன், ஜெபத்தைச் சொன்னேன், அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னேன்.

"சார்ஜ் இல்லாததுக்குச் சாமிக்கு நன்றி சொல்ற ஆள இப்பத்தேன் பாக்கேன்," என்றார். "லைன நாளைக்குப் பாத்துக்கிடுவோம். வண்டி இங்கனயே கெடக்கட்டும்."

நேரத்துக்கு மதுரை சேர்ந்தேன். தேறினேன். வேலை நிலைத்தது. அசதி மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் கண் சொருகினால் இப்போது புத்தகத்தை மூடிவிடுகிறேன். அதையும் ஜெபமாகவே அவர் ஏற்றுக்கொள்கிறார். கேட்ட இடத்தில் வெளிச்சம் வராமல் நிற்கிறவர்களே, கொஞ்சம் பொறுத்திருங்கள். அவர் உங்களைக் கைவிடவில்லை.

அன்று பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மாரியப்பன் சொன்னார்:

"சார், புத்தகத்தைத் தொறந்துறாதீக. மதுர வர்ற வரைக்கும் தூங்குங்க."