சூடேறினால் மட்டும் வரும் குறை

பழைய கார் வியாபாரத்தில் காரை விற்பது பெரிய வேலை இல்லை. விற்ற கார் திரும்பி வந்து வாசலில் நிற்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் வேலை. தம்போயில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார்க் கடையில் மூன்று வருஷமாகக் கிராணியாக இருக்கிறேன். லோன் பாரம் நிரப்புவது, பெயர் மாற்றுவது, புகார் வந்தால் பதில் எழுதுவது எல்லாம் நான்தான். பழைய கார் வாங்கி நொந்துபோனவர்கள் இதைப் படித்தால், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளும் நிம்மதியாக இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். மகளுக்கு ஒன்றரை வயது. அவள் தூங்கும்போது எழுதுகிறேன், எப்போது எழுவாள் என்று சொல்ல முடியாது. அதனால் துண்டு துண்டாகத்தான் வரும்.

கூட்டினால் ஆறு

குளுவாங் சந்தையில் காய்கறி விற்கும் அங்கிள் ஒருவர் வேன் வாங்க வந்தார். எதிலும் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் நின்று நம்பர் பிளேட்டை விரல்விட்டுக் கூட்டினார். அவர் பிறந்த தேதிக்கு ஆறுதான் பொருத்தமாம். ஆறு வந்த வெள்ளை வேன் முன்னால் நின்றவர் அப்புறம் நகரவே இல்லை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டவா என்று கேட்டேன். ராசியான வண்டி தானாக ஓடும் என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது வாரம் வந்தார். பின்கதவு உள்ளேயிருந்து திறப்பதில்லை, மழையில் வைப்பர் பாதி வழியில் நின்றுவிடுகிறது, ஏர்கோன் வேலை செய்யாமல் கீரையெல்லாம் வாடிப்போகிறது. எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த பதிலைச் சொன்னேன்: வாரண்டி எஞ்சினுக்கு மட்டும், அதுவும் ஒரு மாதம். அவர் சண்டை போடவில்லை. வாசலுக்குப் போய், பிளேட்டை இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார்.

"நம்பர்ல ஒரு குறையும் இல்லைம்மா," என்றார். "வண்டியிலதான்."

பச்சைப் பேனா

கடைக்கு வரும் ஒவ்வொரு காரையும் முதலில் எங்கள் பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் போமன் மணியம் அண்ணன் ஓட்டிப் பார்ப்பார். பழுது பார்க்கிற கை, எப்போதும் எண்ணெய். அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு நீள நோட்டில் எழுதுவேன். கான்வென்ட்டில் பழகிய கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும். சாயங்காலம் முதலாளி குணா, எங்களுக்கெல்லாம் போஸ், பச்சைப் பேனாவோடு உட்கார்ந்து சில வரிகளுக்கு மட்டும் சரி போடுவார். சரி போட்டது மட்டும் பழுது பார்க்கப்படும்.

பெரிய குறைக்கெல்லாம் சரி விழும் என்று சேர்ந்த புதிதில் நினைத்தேன். அப்படி இல்லை. வாங்க வருகிறவர் பக்கத்துத் தாமான் குடியிருப்பைச் சுற்றிப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பார். அந்தப் பத்து நிமிஷத்தில் கண்ணிலோ காதிலோ படக்கூடியதற்குத்தான் சரி. கதவு கிறீச்சிட்டால் உண்டு. சீட் கிழிந்திருந்தால் உண்டு. வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு வரும் குறைக்குக் கிடையாது.

ஒரு சின்னச் சிவப்புக் கார் வந்தது. 'நாற்பது நிமிஷம் ஓடினால் கியர்பாக்ஸ் வழுக்குகிறது, மிதித்தாலும் வேகம் எடுப்பதில்லை' என்று எழுதினேன். சரி விழவில்லை. வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டாமா என்று மணியம் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும்.

"காய்ச்சல் சாயந்திரம்தான் வருது தங்கச்சி. இவங்க காலையில தொட்டுப் பார்த்துட்டு வாங்கிட்டுப் போறாங்க."

எலுமிச்சம்பழ நேரம்

எங்கள் ஆபீஸ் ஐஸ்பெட்டியில் எலுமிச்சம்பழம் எப்போதும் இருக்கும். காரை எடுக்க வரும் நம் ஆட்கள் நல்ல நேரம் பார்த்துக் குடும்பத்தோடு வருவார்கள். நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்து, சூடம் கொளுத்தி, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருக்கும்போது, நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் நான் கையெழுத்துக்கு ஒரு பாரத்தை நீட்ட வேண்டும். இது போஸின் ஏற்பாடு. 'காரை இருக்கிற நிலையிலேயே ஏற்றுக்கொள்கிறேன், பிறகு எந்தக் கோரிக்கையும் வைக்கமாட்டேன்' என்று அதில் இருக்கும். பேனாவை வாங்கியவர்கள் எங்கே போட வேண்டும் என்று மட்டும்தான் கேட்பார்கள்.

ஒரே ஒருவர் படித்தார். யாழ்ப்பாணத்து வழி வந்த பெரியவர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகள் கடிகாரத்தைக் காட்டி அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவை மூடி என் பக்கம் தள்ளினார். அன்றைக்கு நாலு பழமும் நசுங்காமல் அந்தக் கார் அப்படியே நின்றது.

"பிள்ளை, இதில நீங்கள் என்ன தாறியள் எண்டு ஒரு வரியும் இல்லை. நான் என்ன கேக்கக்கூடாது எண்டுதான் முழுக்க இருக்கு."

நல்ல இங்கிலீஷ்

சிவப்புக் காரை வாங்கியவள் சுமதி. சாஆ என்ற ஊரில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆபீசில் வேலை. அவள் மகன் என் மகளைவிட ஒரு மாதம் சின்னவன். பாரத்தில் கையெழுத்துப் போட இடைஞ்சலாக இருக்கிறான் என்று அவனை என்னிடம் கொடுத்தாள். அவள் போட்டு முடிக்கிற வரைக்கும் அவன் என் தோளில்தான் தூங்கினான். அந்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை.

தம்போயிலிருந்து சாஆவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகும். நாற்பதாவது நிமிஷத்தில் அவள் நெடுஞ்சாலையில் இருந்தாள். மிதிக்கிறாள், வேகம் குறைகிறது. பின்னால் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வருகிறது. எப்படியோ ஓரத்துக்கு வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்று, அங்கிருந்துதான் எனக்குப் போன் பண்ணினாள். பிள்ளை அழுகிற சத்தம்தான் முதலில் கேட்டது.

அவள் பணத்தைத் திருப்பிக் கேட்டதும் போஸ் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். மூன்று கடிதங்கள், எல்லாம் பணிவான இங்கிலீஷில், 'தாங்கள் கையெழுத்திட்டுள்ளதை நினைவூட்ட விரும்புகிறோம்' என்கிற மாதிரி. கான்வென்ட் சிஸ்டர்கள் பார்த்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்கள். மூன்றாவது கடிதம் கிடைத்த அன்று சுமதி போன் பண்ணினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அக்கா, உங்க லெட்டர் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா அதை எடுத்துக் காட்டினா அந்த லாரி நிக்காது லா."

எழுந்து நிற்கிற பழக்கம்

பொருள் வாங்கி ஏமாந்தவர்கள் முறையிடும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குச் சுமதி மனு போட்டாள். உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: ஒரு பாரம், ஐந்து வெள்ளி கட்டணம், அவ்வளவுதான். வக்கீல் வைக்கக்கூடாது. கம்பெனியும் தன்னிடம் வேலை செய்கிற ஆளைத்தான் அனுப்ப வேண்டும். போஸ் என்னை அனுப்பினார். நான் பேசினால் நம்புவார்களாம். இரண்டே விஷயம் சொல், ஒன்று அவள் கையெழுத்துப் போட்டாள், இரண்டு நமக்குத் தெரியாது என்றார். நோட்டு மேசைக்குள்ளேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரரின் தொழிற்சாலை மூடி அப்போது இரண்டு மாதம். வாடகை, பால் மாவு எல்லாம் என் சம்பளத்தில்தான். அது போஸுக்கும் தெரியும்.

நோட்டை நான் பையில் எடுத்துக்கொண்டு போனேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். என் கையெழுத்து இருக்கிற நோட்டு நான் இல்லாத இடத்தில் இருப்பதற்குப் பயம்.

சின்ன அறை. நடுவர் ஒரு மலாய் அம்மையார். பக்கத்து நாற்காலியில் சுமதி. மடியில் இருந்த பையன் என் பையின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நான் பாரத்தைக் கொடுத்தேன். நடுவர் கையெழுத்தைப் பார்த்தார், ஓரமாக வைத்தார். வியாபாரியிடம் வாங்கிய பொருள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது சட்டம் கொடுத்த உத்தரவாதம், ஒரு கையெழுத்து அதை அழிக்காது என்றார். பிறகு என்னைப் பார்த்து, விற்கும்போது இந்தக் குறை கம்பெனிக்குத் தெரியுமா என்று மலாயில் கேட்டார்.

கான்வென்ட்டில் பதினோரு வருஷம் படித்தவள் நான். முன்னால் இருப்பவர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்க வேண்டும். நின்றுவிட்டேன். அந்த அறையில் வேறு யாருமே நிற்கவில்லை. உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. நின்றுகொண்டு எனக்குப் பொய் வராது. 'தாஹு, புவான்' என்றேன். தெரியும், அம்மா. சொன்ன பிறகு நோட்டை எடுக்காமல் இருப்பதில் அர்த்தமில்லை. அந்த வரியை மலாயில் படித்துச் சொன்னேன். பக்கத்து வரிகளில் இருக்கும் பச்சை அடையாளம் என்ன என்று கேட்டார். அதையும் சொன்னேன். காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவானது. மற்றதில் பாதி எனக்குக் காதில் விழவில்லை. ஆனால் நோட்டைத் திருப்பித் தரும்போது அவர் சொன்னது மட்டும் விழுந்தது.

"விற்கிறதுக்கு முன்னாடி இந்த ஒரு வரியை அவங்ககிட்ட காட்டியிருந்தா, இன்னிக்கு நீங்க இங்க வந்திருக்கவே வேண்டாம்."

மறுநாள்

மறுநாள் ஒரு காலிப் பையோடு வேலைக்குப் போனேன், என் கோப்பையையும் மகள் படத்தையும் எடுத்து வர. போஸ் கத்தவில்லை. உத்தரவைப் படித்துக்கொண்டிருந்தார். நடுவர் சொன்னதைச் சொன்னேன். வாங்குகிறவர்களுக்கு முதலிலேயே நோட்டைக் காட்டிவிட்டால், தெரிந்தே வாங்கினார்கள் என்று ஆகும், நமக்கும் பாதுகாப்பு என்றேன். அவர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். அவ்வளவு பக்கங்களை ஒரே தடவையில் அவர் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். ஒத்துக்கொள்ளப்போகிறார் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

நோட்டையும் பச்சைப் பேனாவையும் மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

"உன்னை நிறுத்தல ஷாமினி, இன்னொரு ஆளுக்கு நான் எங்க போறது. ஆனா இனிமே மணியம் சொல்றதை எழுதாத. ஞாபகத்துல வச்சுக்கோ, போதும்."

ஞாபகத்தில்தான் வைத்திருக்கிறேன், நீங்கள் இதுவரை படித்தது அத்தனையும் நோட்டைப் பார்க்காமல் எழுதியதுதான்.